சாவி கைக்கு வந்த பிறகு

மாதக்கணக்கில் தேடி ஒரு வாடகை வீடு அமையும்போது குடும்பமே களைத்துப்போயிருக்கும். தமிழ்நாட்டு நகரங்களில் வீடு தேடுவது வாடகைத் தொகையோடு முடிகிற காரியம் அல்ல. சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க, அசைவம் சமைப்பீர்களா, வீட்டில் எத்தனை பேர், கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விகளையெல்லாம் தாண்டித்தான் பலரால் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கவே முடிகிறது. தனியாக வாழும் பெண்கள், தலித்துகள், முஸ்லிம்கள், திருநர்கள் ஆகியோருக்கு இந்த அலைச்சல் இன்னும் நீளம். அந்தக் குறை முழுக்க வீடு வைத்திருப்பவர்களுடையது. இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் சரி என்று சொல்லும்போது, ‘கிடைத்ததே போதும்’ என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது.

குடியேறுவதில் உள்ள முதல் ஆபத்து அந்த எண்ணம்தான். கேட்க வேண்டியதைக் கேட்கத் தயங்குவதும், எழுதி வாங்க வேண்டியதை வாய்ப்பேச்சாக விட்டுவிடுவதும், குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்றுகூடப் பார்க்காமல் சாமானை இறக்குவதும் அதிலிருந்து வருபவை. வீட்டைக் காலி செய்யும்போது வெடிக்கும் தகராறுகள் பெரும்பாலும் குடியேறிய முதல் மாதத்தில் கவனிக்காமல் விட்டவையே. வாடகைதாரர் வீட்டுக்காரரின் தயவில் தங்கியிருக்கும் விருந்தாளி அல்லர். பணம் கொடுத்து, ஓர் இடத்தில் நிம்மதியாக வாழும் உரிமையைப் பெற்றவர். இந்த நினைவோடு முதல் சில வாரங்களின் வேலைகளை வரிசையாகச் செய்துவிட்டால், அதன் பிறகு வரும் ஆண்டுகள் சுமுகமாகப் போகும்.

ஒப்பந்தமும் முன்பணமும்

தமிழ்நாட்டில் வாடகைக் குடியிருப்பை இப்போது ஆள்வது 2017ஆம் ஆண்டின் சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் இது நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்பவை இதன் அடிப்படை விதிகள். பதிவை இணையவழியே செய்யலாம். பதிவானதும் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும்.

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் இதற்கு முன்பே வேரூன்றியது. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதினார்கள். புதிய சட்டத்தின் கீழ் வாடகை அதிகார அமைப்பிடம் செய்யும் பதிவு தனி. பதினொரு மாதம்தானே என்று அதை விட்டுவிட முடியாது.

முன்பணத்தைப் பொறுத்தவரை சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று புதிய சட்டம் சொன்னாலும், இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் அது செல்லும் என்று வழிவிடுகிறது. ஆகவே பேரம் பேசும்போது மூன்று மாதம் என்ற அளவைத் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு கொடுத்தாலும் அதை வங்கி வழியாகக் கொடுப்பதும், தொகையை ஒப்பந்தத்தில் எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பதும் அவசியம். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதி திரும்ப வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுத்திப் படிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. வாடகை எப்போது, எவ்வளவு கூடும். பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, தனியா. வண்டி நிறுத்தும் இடமும் மொட்டைமாடியும் யாருக்கு. காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும். புரோக்கர் நீட்டும் அச்சடித்த படிவத்தில் இவை பெரும்பாலும் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்தே இருக்கும். திருத்தக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

காலி வீட்டில் ஒரு பகல்

சாமான் வருவதற்கு முன் காலி வீட்டில் ஒரு முழுப் பகலைச் செலவிடுவது நல்லது. வெறும் சுவர் சொல்வதை அலமாரி வைத்த சுவர் சொல்லாது. முதலில் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் காணொளியாக எடுக்க வேண்டும். சுவர் விரிசல், ஓதம் ஏறிய மூலை, உடைந்த ஓடு, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, கீறல் விழுந்த கதவு, பரணின் உட்புறம், சமையல் மேடையின் அடிப்பகுதி எல்லாம் அதில் பதிவாக வேண்டும். எடுத்த படங்களை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இன்று வீட்டைப் பெறும்போது இருந்த நிலை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். காலி செய்யும் நாளில் ‘இந்த விரிசல் நீங்கள் ஆணி அடித்ததால் வந்தது’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. வீட்டுக்காரர் விட்டுச் செல்லும் மின்விசிறி, டியூப்லைட், கீசர், திரைக்கம்பி ஆகியவற்றையும் எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பூட்டு. முன்பு குடியிருந்தவர்கள், அவர்கள் வீட்டு வேலையாள், புரோக்கர், வண்ணம் அடித்தவர் என்று எத்தனை கைகளில் மாற்றுச் சாவி இருக்கும் என்பதைச் சொல்ல முடியாது. வாசல் கதவுப் பூட்டின் உள் சிலிண்டரை மட்டும் மாற்றச் சில நூறு ரூபாயில் தொடங்கிச் செலவாகும். மாற்றுவதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பழையதைப் பத்திரப்படுத்திக் காலி செய்யும்போது திரும்பப் பொருத்திக் கொடுக்கலாம். உட்புறத் தாழ்ப்பாள்கள் எல்லாம் விழுகின்றனவா என்பதையும் குளியலறைக் கதவை வெளியிலிருந்து அவசரத்துக்குத் திறக்க முடியுமா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். முதியவர் இருக்கும் வீட்டில் இந்தக் கடைசிச் சோதனை உயிரைக் காக்கக்கூடியது.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பார்த்தால் அழுத்தமும் வடிகாலும் தெரிந்துவிடும். கழிப்பறையில் நீரை மூன்று முறை தொடர்ந்து விட வேண்டும். அடைப்பு இருந்தால் மூன்றாவது முறை தேங்கி நிற்கும். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் அது துவாரத்தை நோக்கி ஓடுகிறதா, கதவுப் பக்கம் வருகிறதா என்று தெரியும். கரையான் தடம் இருக்கிறதா என்று மர நிலைகளின் அடியில் தட்டிப் பார்ப்பதும், ஜன்னல்களில் கொசுவலை அடிப்பதும் வீடு காலியாக இருக்கும்போதே முடிய வேண்டிய வேலைகள்.

பழுதுகளை யார் சரிசெய்வது என்பதில் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தெளிவாக இருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுதல், குழாய்களை மாற்றுதல், மின் கம்பியிணைப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கழிவறைத் தொட்டி, கீசர், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி, வலை முதலிய அன்றாடச் சில்லறைப் பழுதுகள் வாடகைதாரருடையவை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும் என்பதால், இங்கேயும் எழுத்தைப் படிப்பது முக்கியம்.

பால் காய்ச்சும் நாளும் சாமான் ஏறும் நாளும்

வாடகை வீடாக இருந்தாலும் பால் காய்ச்சிக் குடியேறுவது தமிழ்க் குடும்பங்களில் பரவலான வழக்கம். உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, நிறைகுடம், விளக்கு, சாமி படம் ஆகியவை முதலில் வீட்டுக்குள் போகும். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஜெபத்தோடும், முஸ்லிம் குடும்பங்கள் ஓதுதலோடும் குடியேறுகின்றன. ஆடி, மார்கழி மாதங்களில் குடிபோவதைப் பலரும் தவிர்க்கிறார்கள். அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: அந்த மாதங்களில் வீட்டுக்குப் போட்டி குறைவு, வாடகையில் பேச இடம் அதிகம், வண்டிக்காரரும் சுலபமாகக் கிடைப்பார்.

பால் காய்ச்சும் நாளையும் சாமான் ஏற்றும் நாளையும் ஒன்றாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. நல்ல நேரத்தில் பாலைக் காய்ச்சிவிட்டு, கழுவித் துடைத்து, பழுது பார்த்து, சில நாள் கழித்துச் சாமானைக் கொண்டுவரலாம். ஒரு படுக்கையறை வீட்டுச் சாமானுக்குக் குட்டியானை என்று அழைக்கப்படும் சிறிய சரக்கு வண்டி ஒன்றிரண்டு நடையில் போதும். ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்குத் தூக்கும் கூலி ஆகியவை வண்டி வாடகைக்குள் அடங்குமா என்பதை முன்பே பேசி முடிக்க வேண்டும். அடுக்குமாடிகளில் சாமான் ஏற்றும் நேரத்துக்கும் லிஃப்ட் பயன்பாட்டுக்கும் சங்கத்தின் விதிகள் இருக்கும்.

நகை, பணம், பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், மருந்துகள் ஆகியவை வண்டியில் ஏறக் கூடாது. கையோடு வர வேண்டும். முதல் இரவுக்குத் தேவையான பாய், தலையணை, மாற்றுத் துணி, சோப்பு, ஒரு பாத்திரம், கத்தி, டார்ச், கொசுவர்த்தி, கைப்பேசி சார்ஜர் எல்லாம் ஒரே பையில் தனியாக இருந்தால் நள்ளிரவில் பெட்டிகளைக் கிழிக்க வேண்டியிருக்காது. குளிர்பெட்டியைச் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். முதலில் சமையலறையையும் படுக்கையையும் சரிசெய்வதே நடைமுறைக்கு உகந்த வரிசை. வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிவிட்டால் மற்ற பெட்டிகள் ஒரு மாதம் காத்திருக்கலாம்.

தண்ணீர்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் ஒரு வீட்டின் தரத்தைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். சுவரின் வண்ணத்தையும் தரை ஓடுகளையும் பார்த்து வீட்டைப் பிடித்தவர்கள் முதல் கோடையில் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். குடியேறிய வாரத்திலேயே வீட்டுக்கு எத்தனை வழியில் தண்ணீர் வருகிறது என்று கண்டறிய வேண்டும். குழாய்வழி மாநகரக் குடிநீர், ஆழ்துளைக் கிணறு, பழைய வீடுகளில் உறைகிணறு, லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று ஒரே வீட்டுக்கு நான்கைந்து வழிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரமும் செலவும் வேறு.

நகரக் குடிநீரின் மூலம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள், கடலூர் மாவட்டத்து வீராணம், ஆந்திரத்தின் கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் ஆகியவை. இந்தத் தண்ணீர் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வரும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் எதிர்வீட்டு அம்மாதான். அவரிடம் முதல் நாளே கேட்டுவிடலாம். தரைத்தொட்டியான சம்ப்பில் விழும் குடிநீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை யார் போடுவது, எந்த மீட்டரில் அந்த மின்சாரம் ஓடுகிறது, குடிநீரும் ஆழ்துளை நீரும் ஒரே சம்ப்பில் கலக்கின்றனவா என்பவை அடுத்த கேள்விகள்.

அளவு போதுமா என்று கணக்கிடுவதும் எளிது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் திட்டமிடலில் பின்பற்றப்படும் அளவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 540 லிட்டர் ஆகிறது. இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவாக 1000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால், தினமும் ஒரு முறையாவது மோட்டார் ஓடியாக வேண்டும். ஒரு நாள் மின்தடை வந்தாலும் குழாய் காற்றைத்தான் ஊதும். அடுக்குமாடியில் கோடைகாலத்து லாரித் தண்ணீர்ச் செலவை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று சங்கத்தாரிடம் கேட்டு, முடிந்தால் கடந்த ஏப்ரல், மே மாதக் கணக்கைப் பார்த்துவிடுவது உத்தமம்.

தரத்தை நாக்கும் கண்ணும் ஓரளவு சொல்லிவிடும். சோப்பு நுரைக்காவிட்டால் கடின நீர். வாளியில் மஞ்சள் படிவு தெரிந்தால் இரும்புச் சத்து. கடலோரப் பகுதிகளில் ஆழ்துளை நீர் உப்புக் கரிக்கும். நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாதபோது 2000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆய்வகத்தில் ஒரு முறை சோதித்துப் பார்த்த பிறகு சுத்திகரிப்பான் வாங்குவது அறிவுடைமை. கரைந்த உப்பு குறைவாக உள்ள நகரக் குடிநீருக்கு எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) கருவி தேவையில்லை. காய்ச்சி ஆறவைத்துக் குடிப்பதே போதும். அந்தக் கருவி கழிவாக வெளியேற்றும் தண்ணீரும் கணிசமானது. அதைப் பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

மேல்தொட்டியும் சம்ப்பும் கடைசியாக எப்போது கழுவப்பட்டன என்று கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுவது நல்ல பழக்கம். நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் உயிர்க்காற்று குறைந்திருக்கும். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விடாமல், மேலே துணைக்கு ஆள் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியில் எந்தச் சூழலிலும் மனிதரை இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு ஆளமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம். இந்தியாவெங்கும் மனிதர்கள் இன்னமும் இப்படிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்டி நிரம்பினால் உறிஞ்சு லாரியை அழைக்க 14420 என்ற உதவி எண் இருக்கிறது. வீட்டுக்காரர் ‘ஆள் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னாலும் வாடகைதாரர் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய் உண்மையிலேயே ஒரு கசிவுக் குழியிலோ கிணற்றிலோ போய்ச் சேர்கிறதா, அல்லது தெருவில் விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தூர்ந்திருந்தால் ஐப்பசிக்கு முன் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

மின்சாரமும் எரிவாயுவும்

குடியேறும் நாளன்று மீட்டரில் உள்ள அளவைப் படம் பிடித்துத் தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். மின் இணைப்பு எண்ணை வாங்கி இணையத்தில் போட்டுப் பார்த்தால் பழைய பாக்கி இருக்கிறதா என்று தெரியும். தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். நடுவில் குடியேறினால் அந்த முறை வரும் தொகையை இரு குடும்பங்களும் அளவைப் பார்த்துப் பங்கிட்டுக்கொள்வதே நியாயம்.

இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் விதமே மாறி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் உயர்ந்த விகிதம் விழும். ஆகவே இரண்டு மூன்று போர்ஷன்களுக்கு ஒரே மீட்டர் இருக்கும் வீடுகளில், தனியாக இருந்தால் வராத கட்டணம் வந்து சேரும். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் வழக்கத்தில், அந்த விலை மின்வாரிய விகிதத்தைவிட அதிகமாக இருப்பது சாதாரணம். தனி இணைப்பு உள்ள வீடு சற்று வாடகை கூடினாலும் மேல்.

பாதுகாப்புக்கு முக்கியமானது கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி. எலக்ட்ரீஷியன்கள் இதை ஆர்சிசிபி என்றும் பழைய பழக்கத்தில் ஈஎல்சிபி என்றும் சொல்வார்கள். 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிப்பதே வீட்டுக்கு ஏற்றது. பலகையில் அது இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்பெட்டியையோ துணி துவைக்கும் இயந்திரத்தையோ தொடும்போது சுரீர் என்றால் நிலத்தொடர்பு சரியில்லை; அதைச் சரிசெய்யும்வரை அந்தச் சாதனத்தைப் பயன்படுத்தக் கூடாது. குளிர்சாதனம், கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றைப் பழைய வீட்டின் மெல்லிய கம்பியில் ஒருசேர ஓட்டினால் கம்பி சூடேறும். மின்தடை, மின்னழுத்தக் குறைவு பற்றிய புகார்களை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் சொல்லலாம்.

சமையல் எரிவாயு இணைப்பை ஒரே ஊருக்குள் மாற்றுவது சுலபம். பழைய முகவரிடம் விண்ணப்பித்து மாற்றுக் கடிதம் பெற்றுப் புதிய முகவரிடம் கொடுத்தால் போதும். உருளையும் ரெகுலேட்டரும் கையிலேயே இருக்கலாம். வேறு ஊருக்குப் போகும்போது உருளையையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் கொடுத்து வைப்புத்தொகையை வாங்கிக்கொண்டு, முடிப்புச் சீட்டோடு புதிய ஊரில் இணைப்புப் பெற வேண்டும். 14.2 கிலோ உருளையைச் சமையல் மேடைக்குக் கீழே காற்று புகாத அலமாரிக்குள் அடைக்கக் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; இடம் மாறும் சமயமே அதற்கு ஏற்ற தருணம். கசிவு நாற்றம் அடித்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906ஐ அழைக்க வேண்டும்.

முகவரி மாற்றம்

பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் இந்த வேலைகள் பாதி முடிந்தது போலத்தான். முதலில் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டால் வங்கி, காப்பீடு முதலியவற்றுக்கு அதையே காட்டலாம். குடும்ப அட்டையில் முகவரி மாறினால்தான் பக்கத்து நியாயவிலைக் கடைக்கு அட்டை மாறும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதைவிடக் குடியேறிய மாதத்திலேயே இதைக் கொடுப்பது நல்லது. வாகனப் பதிவுச் சான்றில் உள்ள முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கோருபவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் வாடகை ரசீதுகளையும் வாங்கி வைக்க வேண்டும். ரசீது தருவது உரிமையாளரின் கடமை. கேட்பதில் சங்கடம் வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் வெளியிலும் மனிதர்கள்

வீடு மாறுவதில் அதிகம் இழப்பவர்கள் குழந்தைகளும் முதியவர்களும். பெரியவர்களுக்கு வேலையிடம் மாறாமல் இருக்கும். குழந்தைக்கோ விளையாட்டுத் தோழர்களும் தெருவும் சில சமயம் பள்ளியும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கல்வி ஆண்டின் நடுவில் மாறாமல் மே மாதத்தில் மாறுவது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், பழைய தோழர்களோடு தொடர்பு அறுந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி பிரிக்கும்போது குழந்தையின் பொருள்களை முதலில் எடுத்து அதன் மூலையை அதுவே அடுக்க விடலாம். சில வாரங்களுக்குச் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தடுமாற்றம் இருப்பது இயல்பு.

முதியவர்களுக்குப் புது வீட்டின் ஆபத்து இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. பழைய வீட்டில் இருட்டிலும் கால் வழியறியும். இங்கே ஒரு படி உயரம் மாறினாலும் விழுந்துவிடுவார்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைவரை ஓர் இரவு விளக்கு, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத மிதியடி ஆகிய மூன்றும் முதல் நாளே வேண்டும். சுவரில் துளையிட வீட்டுக்காரர் தயங்கினால், விழுந்து இடுப்பு முறிவதன் விலையை எடுத்துச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அருகிலுள்ள கோயில், பூங்கா, நூலகம், மருந்துக்கடை ஆகியவற்றுக்கு அவர்களை ஓரிரு முறை உடன் அழைத்துச் சென்றால் மூன்றாம் முறை தாமே போய்வருவார்கள்.

அக்கம்பக்கத்தில் அறிமுகமாகப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பால் காய்ச்சிய நாளில் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் கொஞ்சம் இனிப்பு கொடுத்து, பெயரையும் கைப்பேசி எண்ணையும் பரிமாறிக்கொண்டால் போதும். பால்காரர், பேப்பர் போடுபவர், துணி தேய்ப்பவர், பிளம்பர், வீட்டு வேலைக்கு வருபவர் எல்லோரும் அந்தப் பேச்சிலேயே தெரியவருவார்கள். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று அறிந்து, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். சென்னையில் தெருவிளக்கு, குப்பை, தேங்கிய மழைநீர் பற்றிய புகார்களுக்கு மாநகராட்சியின் எண் 1913.

வீட்டுக்காரரோடு உறவு மரியாதையாகவும் வரையறையோடும் இருப்பது இருவருக்கும் நல்லது. மாடியில் அவரும் கீழே வாடகைக்காரரும் இருக்கும் வீடுகளில் இது அன்றாடச் சோதனை. விருந்தாளி வந்தால் விசாரிப்பது, இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டுவது, நினைத்த நேரத்தில் உள்ளே வந்து பார்ப்பது போன்ற வழக்கங்கள் இன்னும் மறையவில்லை. உரிமையாளர் வாடகை வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், எந்தத் தகராறானாலும் தண்ணீர், மின்சாரம் முதலிய இன்றியமையாத சேவைகளைத் துண்டிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. மீறினால் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். அதுவரை போக விடாமல், பிடிக்காத ஒன்று நடந்த முதல் முறையே பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுவது பெரும்பாலும் பலன் தரும்.

முதல் மழையும் முதல் ஆண்டு நிறைவும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை ஒரு வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். எந்தச் சுவர் ஊறுகிறது, எந்த ஜன்னல் வழியே சாரல் வருகிறது, தெருவில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறுகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். கோடையில் குடியேறியவர்கள் முதல் மழைவரை கனமான அலமாரிகளைச் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளியே வைத்திருக்க வேண்டும். தரைத்தளமாக இருந்தால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் இருக்க மாட்டார். அந்த உயரத்துக்கு மேல் பத்திரங்கள், சான்றிதழ்கள், இன்வர்ட்டர் மின்கலம் ஆகியவற்றை வைப்பது முன்னெச்சரிக்கை. ஒழுகலைக் கண்டதும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிச் சரிசெய்யக் கேட்க வேண்டும். மொட்டைமாடிப் பூச்சு அவர் பொறுப்பு. மழை விட்டதும் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத டிரம் ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் ஒரு முறை கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான காலம் போதும்.

ஆண்டு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சைத் தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் பேசினால் வேறு வீடு தேட நேரமில்லாதவர் கேட்டதைக் கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுவார். வாடகை உயர்வு, பழுது பார்த்த செலவு, நிலுவையில் உள்ள வேலைகள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் சென்னையில் பரவலாக உள்ளது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்படவில்லை என்றால் இந்தப் பிடித்தத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் அந்த வரி புதிதாக நுழைந்திருந்தால், கையெழுத்திடும் முன் அதை அடிக்கச் சொல்லுங்கள்.